புல்லுக்கு இரண்டு அரசாங்கம்

1

போன கிழமை நிந்தவூரில் இருந்து என் தங்கையின் மகன் அஸ்மி ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். பிரதான வீதியோரம் அவனுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் சின்னதாக ஒரு கடை கட்ட வேண்டும். வீதி கொழும்பு அரசாங்கத்துக்குச் சொந்தம், வீதியோரம் ஓடும் கழிவுநீர்க் கான் ஊர்ச் சபைக்குச் சொந்தம். கானுக்கு மேலே மூடி போட்டுத்தான் கடைக்குப் போக முடியும். அந்த மூடிக்கு யார் அனுமதி தருவது என்று தெரியாமல் கந்தோர் கந்தோராக அலைகிறான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னான்.

"மாமா, உங்கட நாட்டுல எல்லாம் சட்டப்படிதானே. அங்க எப்பிடிச் செய்யிறண்டு கொஞ்சம் சொல்லுங்க. நாங்களும் அப்பிடிச் செஞ்சி பாப்பம்."

கார் நிறுத்துமிடத்தில் நின்று இதைக் கேட்டேன். எனக்கு வந்த கோபத்தை அவன் மேல் காட்ட முடியாது, அவன் நல்ல பிள்ளை. முதலில் அந்த 'உங்கட நாடு'. சாய்ந்தமருதில் பிறந்து, கல்முனையில் படித்து, பாதி வயது வரை அந்தக் கடற்காற்றில் கிடந்தவனுக்கு, ஒரு கடவுச்சீட்டு மாறியதும் சொந்த மருமகனே வேறு நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது அந்த 'சட்டப்படி'. அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

அவனுக்குப் பதில் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஊரில் இருந்துகொண்டு, இங்கே தேனாறும் பாலாறும் ஓடுகிறது என்று நினைக்கும் எல்லோரும் படிக்கட்டும்.

2

என் தொழிலை ஊரில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. அனுமதி ஒருங்கிணைப்பாளர் என்று தமிழில் சொல்லலாம். உம்மா ஹயாத்தோடு இருந்த காலத்தில் ஒருமுறை தொலைபேசியில் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கச்சேரிக்கு முன்னால மேச போட்டு மனு எழுதுறவன் செய்யிற வேலதானே மனே" என்றார். அது ஏறக்குறைய சரி. கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவில் ஓர் இடத்தில் வீடுகளோ வீதியோ கட்டுவதென்றால் இரண்டு அரசாங்கங்களிடம் கேட்க வேண்டும். நிலம், மரம், தண்ணீர் எல்லாம் மாநில அரசின் கையில். ஆனால் அந்த நிலத்தில் அரிதான உயிரினமோ செடியோ இருந்தால் மத்திய அரசும் வந்து குந்திக்கொள்ளும். மாநிலம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது, மத்தி வேறொரு சட்டம். மாநிலத்தைக் கேட்டால் மத்தியின் முடிவு வரட்டும் என்பார்கள். மத்தியைக் கேட்டால் மாநிலம் ஆய்வை முடிக்கட்டும் என்பார்கள். இரண்டு பேரையும் ஒரே ஆய்வறிக்கையை ஏற்றுக்கொள்ள வைத்து, ஒரே நேரத்தில் தலையாட்ட வைப்பதுதான் என் வேலை. அதற்கு எங்கள் கம்பனிக்குக் காசு கொடுக்க வல்லவர்கள் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது மெல்பனில் இருந்து பல மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சிறு நகரம். இந்த நகரத்தின் வடக்கே ஒரு பெரிய வீட்டுத்திட்டம் வந்தது. அந்த நிலம் முழுக்க ஒருவகைப் புல். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே நிற்கிற சுதேசப் புல்லாம். இந்த மாநிலத்தில் இப்போது கொஞ்சம்தான் மிச்சம், ஆகவே இரண்டு அரசாங்கமும் அதைப் பாதுகாக்கின்றன. நம்ப மாட்டீர்கள், புல்லுக்கு இரண்டு அரசாங்கம். ஆனால் வீட்டுத்திட்டக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேறெங்கோ அதே புல் நிற்கிற ஒரு நிலத்தை வாங்கி, அதைப் பாதுகாப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு ஈடு என்று பெயர். அங்கே ஒரு புல் வாழ்ந்தால் இங்கே ஒரு புல் சாகலாம். கோப்பைத் தயார்செய்தவன் நான்தான். இரண்டு அனுமதியும் ஒன்றாக வந்தன. இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. நடுவில் ஒரு பூங்கா, பூங்காவில் ஒரு பலகை, பலகையில் அந்தப் புல்லின் படம்.

என் மகள் சஹ்ரா பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கிறாள். ஒருநாள் அந்தப் பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

3

இந்த நகரத்தில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ஹலால் அறுப்புக்காக வந்தவர்களும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தவர்களுமாக எங்கள் ஆட்கள் சில குடும்பங்கள் சேர்ந்துவிட்டோம். எங்களுக்கெல்லாம் மூத்தவரான நிந்தவூர் சம்சுதீன் காக்காவும் அப்படி வந்தவர். அறுப்பு வேலையில் தோள் போய், இப்போது ஓய்வில் இருக்கிறார். பிள்ளை கிடையாது. அவரும் மனைவி ஆமினா ராத்தாவும்தான்.

மையத்துகளை அடக்க எங்களுக்கு இங்கே மையவாடி இல்லை. நகரத்து மயானத்தில் கபுறு வரிசைகள் கிப்லாத் திசைக்குக் குறுக்காகக் கிடக்கின்றன, வரிசையைத் திருப்பி அமைக்க முடியாது என்றுவிட்டார்கள். ஆகவே யாராவது மௌத்தானால் ஜனாஸாவை மெல்பனுக்குக் கொண்டுபோக வேண்டும். போவது ஒரு பாடு. அதற்குப் பிறகு ஒரு யாஸீன் ஓதப் போவதென்றால் ஒரு முழு நாளை அதற்கென்றே விட வேண்டும். பாதிப் பேர் போவதே இல்லை.

ஆமினா ராத்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் பல நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். அவருக்குத் தன் நிலை நன்றாகத் தெரியும். ஒருநாள் என் மனைவி கஞ்சி கொண்டுபோனபோது கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, என்னத் தூரத்துல போட்டுராதீங்க. அவருக்குக் கார் ஓட ஏலா. ஆரும் கூட்டிட்டுப் போனாத்தான் வருவாரு. கேக்க வெக்கப்படுவாரு" என்றாராம். மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் இங்குள்ள எங்கள் குடும்பங்களின் சங்கம் சூடுபிடித்தது. எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டு, நகரத்துக்குத் தெற்கே மெல்பன் வீதியோரம் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். பழைய ஆட்டுப் பண்ணையின் ஒரு மூலை. மையவாடிக்கு அனுமதி எடுக்கும் வேலையைத் தலைவர் என் தலையில் கட்டினார். அவர் ஒரு டாக்டர். "நம்மட ஆள் இரிக்கக்குள்ள என்ன பயம்" என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை, தாவர ஆய்வாளர் போய்ப் பார்க்கும் வரைக்கும்தான். எங்கள் நிலத்திலும் அதே புல் நின்றது.

4

ஈடு வாங்க எங்களிடம் வழியில்லை. ஆகவே புல் குறைவாக நிற்கிற பக்கம் மட்டும் கபுறுகள், மற்றப் பக்கத்தை அப்படியே விடுவோம் என்று ஒரு திட்டம் வரைந்து இரண்டு அரசாங்கத்துக்கும் அனுப்பினேன். நியாயமான திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு காத்திருப்பு. மாநிலக் கந்தோரில் ஓர் இளம் பெண் அதிகாரி. எப்போது தொலைபேசி எடுத்தாலும் சிரித்த குரலில் பேசி, ஒன்றும் சொல்லாமல் வைப்பார். மத்தியில் ஆளே கிடையாது, ஒரு மின்னஞ்சல் பெட்டிதான். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு பெயரில் வரும். ஒவ்வொருவரும் முதலில் இருந்து கேட்பார்கள், ஒவ்வொருவரும் என் பொறுமைக்கு நன்றி சொல்வார்கள். நான் பொறுமையாக இருந்ததே இல்லை. ஊரில் கந்தோருக்குப் போனால் ஒரு முகமாவது இருக்கும். ஏசலாம், கெஞ்சலாம், அவருடைய மச்சானைத் தெரியும் என்று பொய் சொல்லலாம். இங்கே ஏசுவதற்குக்கூட ஆள் இல்லை.

சம்சுதீன் காக்கா அந்திக்கு அந்தி நடந்து போய்க் காணியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வருவார்.

"தம்பி, புல்லு இடுப்புக்கு வந்திரிச்சி. பத்தையும் கிளம்புது."

"அது நிக்கட்டும் காக்கா."

"நிக்கட்டுமா? இன்னும் கொஞ்சம் விட்டா காடுண்டு கல்லு நட்டுட்டுப் போயிருவானுகள்."

"இஞ்ச அப்பிடியில்ல."

"எங்க அப்பிடியில்ல?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்பாறைக் கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கவும் தேவையில்லை. சாகாமத்துக் குளத்துக்கு அப்பால் அவருடைய வாப்பாவுக்கு ஒரு மேட்டுக்காணி இருந்தது. அரசாங்கம் பெர்மிட் எழுதிக் கொடுத்த காணி. கச்சான் கடலையும் சோளனும் போட்ட காணி. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் யாரும் போக முடியவில்லை. போகாத காணியில் புதரும் பற்றையும் ஏறும்தானே. சண்டை முடிந்து போய்ப் பார்த்தால் எல்லைக்கல் நட்டிருந்தது, இது காடாம். பிரதேசக் கந்தோரில், "ஓம், பெர்மிட் சரி, இது உங்கட காணிதான்" என்றார்கள். கொழும்பில் இருந்து வந்த வன இலாகாக்காரர்கள், "பெர்மிட் சரி, ஆனா காடு எங்களுக்குக் கீழ" என்றார்கள். இரண்டு பேரும் சரி என்று சொல்லியே காணி போனது. வாப்பா அந்த ஏக்கத்திலேயே மௌத்தானார். ஒருமுறை போய்த் துப்பரவாக்கியிருந்தால் காணி நின்றிருக்கும் என்று காக்கா இன்றைக்கும் நினைக்கிறார். போயிருந்தால் இவரும் மௌத்தாகியிருப்பார் என்று சொன்னால் கேட்க மாட்டார்.

5

ஒருவழியாக மாநில அதிகாரி காணியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். நல்ல அறிகுறி. வருவதற்கு முதல் கிழமை நான் சங்கத்தாருக்குச் செய்தி சொன்னேன். சம்சுதீன் காக்காவிடம் நேரிலேயே சொன்னேன். "அப்ப பெரியாக்கள் வந்து பாக்கப் போறாங்க" என்று அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஊரில் காணிக் கச்சேரி என்று ஒன்று நடக்கும். காணிக்குப் பெர்மிட் கேட்பவர்களை அதிகாரி வந்து விசாரிப்பார், காணியையும் போய்ப் பார்ப்பார். அந்த நாளுக்கு முன்பு நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? காட்டை வெட்டுவார்கள், வேலி அடைப்பார்கள், ஒரு மூலையிலாவது எதையாவது போட்டு முளைக்க வைப்பார்கள். துப்பரவான காணிக்காரன் உழைப்பாளி, பற்றைக் காணிக்காரன் சும்மா கேட்கிறவன். அதிகாரி அப்படித்தான் பார்ப்பார், அப்படித்தான் எழுதுவார். முதலில் காணியை ஆள வேண்டும், பிறகுதான் பெர்மிட் வரும். எங்கள் பக்கத்தில் பெர்மிட் வாங்கிய பரம்பரைகள் எல்லாம் இப்படி வாங்கியவைதான்.

சனிக்கிழமை நான் சஹ்ராவை மெல்பனில் பல்கலைக்கழகத்தில் விடப் போயிருந்தேன். அன்று காக்கா இறைச்சித் தொழிற்சாலையில் தெரிந்த ஒருவருடைய உழவு இயந்திரத்தை இரவல் வாங்கி, இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய், காணி முழுவதையும் உழுதுவிட்டார். வெறும் புல் வெட்டல் இல்லை. விதைப்புக்கு உழுவது போல மேல்மண் கீழே போக உழவு. ஓரத்தில் வரம்பு போலக் கட்டி, கம்பியும் இழுத்திருந்தார். அந்திக்கு ஒரு படம் வந்தது. சிவந்த மண், நேர் நேரான சால், நடுவில் தொப்பியோடு காக்கா.

"அல்ஹம்துலில்லாஹ் தம்பி. காணி இப்பதான் காணி மாதிரி இரிக்கி. மேடம் வந்து பாத்தா சந்தோசப்படுவா."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மத்திய அரசு பாதுகாக்கிற புல்லை, மத்திய அரசிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வேரோடு புரட்டிப் போட்டாயிற்று. இதைவிட எங்கள் கோப்பை நாங்களே கொண்டுபோய் அடுப்பில் வைத்திருக்கலாம். உடனே காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"காக்கா, உழச் சொல்லி ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லணுமா? பாக்க வாறாங்கண்டு நீங்கதானே சொன்ன. பத்தையக் காட்டுறதா?"

"அந்தப் புல்லுக்குத்தான் நான் இவ்வளவு நாளும் எழுதிட்டு இரிக்கன். அதத் தொடக் கூடாது."

"புல்லுக்கா எழுதின? மையவாடிக்கு எண்டுதானே நான் நினைச்ச" என்றார். எனக்கு அவரை ஏச வாய் வரவில்லை. தலைவரை, அரசாங்கத்தை, உழவு இயந்திரம் கொடுத்தவனை எல்லாம் மனதுக்குள் ஏசினேன்.

6

அதிகாரி வந்தார். மஞ்சள் மேலாடை, முழங்கால் வரை சப்பாத்து. காரில் இருந்து இறங்கியவர் கம்பிக்கு அருகே நின்றுவிட்டார், உள்ளே கால் வைக்கவில்லை. சம்சுதீன் காக்கா வெள்ளிக்கிழமைச் சட்டை போட்டு, ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும், ராத்தா முடியாத உடம்போடு அவித்த வட்டிலப்பமும் கொண்டுவந்திருந்தார். காரியம் கெட்டுவிட்டது என்று நான் எவ்வளவு சொல்லியும், வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது எப்படி என்றார்.

விண்ணப்பக்காரரிடம் எதுவும் வாங்கிச் சாப்பிட விதியில் இடமில்லை என்று அதிகாரி மிக இனிமையாக மறுத்தார்.

"கிளீன் மேடம்," என்று காக்கா மண்ணைக் காட்டினார். "நல்லாக் கிளீன்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். காக்கா பின்வாங்கவில்லை. தானே உழுததாகச் சொன்னார். ஊரில் காணியைப் பற்றை மூடினால் அரசாங்கம் காடு என்று எடுத்துவிடும், தன் வாப்பாவின் காணியும் அப்படிப் போனது, இதுவும் போய்விடக் கூடாது என்று உழுதேன் என்றார். ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரியின் முகம் உண்மையாகவே வருத்தப்பட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

"ஆனால் இங்கே அப்படி யாரும் எடுத்திருக்க மாட்டார்களே," என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். காக்கா தலையை ஆட்டினார்.

"அங்கயும் அப்பிடித்தான் சொன்ன," என்றார்.

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

7

மாநிலம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மாநிலத்தில் விண்ணப்பம் இல்லாதபடியால் தாங்கள் தீர்மானிக்க ஒன்றும் இல்லை என்று மத்தி கோப்பை மூடியது, ஆனால் உழுத விடயத்தைத் தனியாகப் பார்ப்போம் என்றும் ஒரு வரி. எனக்கு வாழ்க்கையில் முதல்தடவை இரண்டு அரசாங்கமும் தாமாகவே ஒன்றாகத் தலையாட்டின. என்னுடைய ஒருங்கிணைப்புத் தேவைப்படவே இல்லை.

வழக்குப் போடாமல் விட ஒரு நிபந்தனை வைத்தார்கள். உழுத இடத்தில் அதே புல்லைச் சங்கமே திரும்ப வளர்க்க வேண்டும். பராமரிப்பவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. வீதிப் பக்கம் ஒரு பலகை நட்டார்கள்: மீள்வளர்ப்புப் பகுதி, நுழைய வேண்டாம். காக்கா அதற்கு முன்னால் போய் நின்று, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்தேன்.

"கல்லு நட்டுட்டானுகள்," என்றார்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் எழும்பி, "படிக்காத ஆக்கள உள்ளுக்க விட்டா இப்பிடித்தான் முடியும்" என்று ஆரம்பித்தார். காக்கா ஒரு மூலையில் குனிந்துகொண்டிருந்தார். நான் எழும்பினேன். "வடக்கால வீட்டுத்திட்டம் வந்ததே, அங்க நிண்ட புல்லும் இதேதான் டாக்டர்" என்றேன். "அவன் இதப் போலப் பல மடங்கு உழுத. காசு குடுத்து உழுத, அதனால பலகையில படம் போட்டிரிக்கி. காக்கா காசில்லாம உழுத, அதனால குற்றவாளி. படிச்சவன் நான்தான் அவனுக்கு வழி காட்டின." பிரியாணியைப் பரிமாறத் தொடங்கினார்கள்.

காக்கா எழும்பி, "நான் உழுத காணி. புல்ல நானே வளக்கன்" என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆமினா ராத்தா மௌத்தானார். மெல்பனுக்குத்தான் கொண்டுபோனோம். அந்த வீதி எங்கள் காணியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஜனாஸா வண்டிக்குப் பின்னால் என் காரில் காக்கா இருந்தார். காணி வந்ததும் அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் பலகையைப் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ அனுமதி எடுத்துக் கொடுத்தவன் நான், எங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஆறடி மண்ணை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்தச் சிரித்த குரலையும், பெயர் மாறும் அந்த மின்னஞ்சல் பெட்டியையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

8

இதற்குள் சஹ்ராவுக்கும் எனக்கும் வீட்டில் சண்டை. நிராகரிப்பு வந்த அன்று சாப்பாட்டு மேசையில், "வாப்பா, அவங்க செய்தது சரி. அந்தப் புல் பாவம்" என்றாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான், இருக்கிற சொல்லை வைத்துச் சமாளிப்பாள். "ஆமினா மாமி பாவமில்லையா?" என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். என் பிள்ளை என்னிடம் இருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று அன்றுதான் அளந்து பார்த்தேன்.

ஆனால் அடுத்த விடுமுறைக்கு வந்தவள், என்னிடம் சொல்லாமல், காக்காவோடு காணிக்குப் போனாள். அரைத் தமிழில் அவளும், அரை ஆங்கிலத்தில் அவரும் என்ன கதைத்தார்களோ. முதல் முறை நட்டது பெரும்பாலும் கருகிவிட்டது, திரும்ப நட்டார்கள். வீதியால் போகும்போது பார்ப்பேன், வாளியோடு அவர் ஒரு பக்கம், தொப்பி போட்டுக்கொண்டு இவள் ஒரு பக்கம். எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. பராமரிப்பவர்கள் பட்டியலில் என் மகளுடைய பெயரைக் காக்கா சேர்த்திருந்தார், என்னுடையதைச் சேர்க்கவில்லை.

போன மாதம் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு அறிக்கை அனுப்பினார். புல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறதாம், தரம் உயர்ந்திருக்கிறதாம், வாழ்த்துக்களாம். இந்த வாழ்த்தின் பொருள் என் தொழிலில் இருப்பவனுக்கு உடனே விளங்கும். முன்பு நின்றது சுமாரான புல், அதற்காக வாதாடலாம். இப்போது நிற்பது உயர்தரப் புல். இனி இந்தக் காணியில் ஒரு மண்வெட்டி இறங்க இரண்டு அரசாங்கமும் விடாது. காக்கா ஊற்றிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் எங்கள் மையவாடியை இன்னும் தூரத்துக்குத் தள்ளியிருக்கிறது. இது எனக்கு முதல் நாளே தெரியும். ராத்தாவை இழந்த மனிதருக்குப் போக ஓர் இடமாவது இருக்கட்டும் என்று, அதை அவரிடம் சொல்லாமல் இருந்தேன்.

அஸ்மியின் குரல்செய்தி வந்த அன்று, அந்தக் கோபத்தோடு நேரே காணிக்குப் போனேன். யாராவது ஒருவருக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. காக்கா உள்ளே இருந்தார். நான் கம்பிக்கு வெளியே நின்றேன்.

"காக்கா, ஒரு விசயம் சொல்லணும். இந்தப் புல்லு நல்லா வந்தா நமக்கு இந்தக் காணி ஒரு நாளும் கிடைக்கா."

அவர் வாளியை வைத்தார்.

"தெரியும் தம்பி. உங்கட மகள் முதல் நாளே சொல்லிட்டா."

"பிறகு ஏன் தண்ணி ஊத்துறீங்க?"

அவர் அருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் நான் எதிர்பார்த்த சோகம் இல்லை. கடும் வெறுப்பு இருந்தது, அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

"வாப்பாட காணிய காடுண்டு எடுத்தானுகள். அது காடில்ல, கச்சான் போட்ட காணி. பொய் சொல்லி எடுத்த. இதையும் எடுக்கப் போறானுகள்தானே. எடுக்கட்டும். ஆனா இந்த முற பொய் சொல்லி எடுக்க விட மாட்டன். இது புல்லுக்காணிதான். நான் வளத்த."

வீதியால் ஒரு ஆட்டு லொறி இறைச்சித் தொழிற்சாலையைப் பார்த்துப் போனது. காக்கா வாளியை எடுக்கப் போனவர் திரும்பி வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு தயக்கம் முகத்தில் தெரிந்தது.

"தம்பி, வாற வெள்ளிக்கிழம உங்களுக்கு லீவா? மெல்பன் பக்கம் போற அலுவல் ஒண்டும் இல்லையா?"

"இரிக்கி காக்கா," என்றேன். ஒரு அலுவலும் இல்லை.

"ஆமினாக்கிட்டப் போய்க் கன நாள். இந்த மழைக்கு கபுறுல புல்லு ஏறியிருக்கும்." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அதப் புடுங்கத் தடையொண்டும் இல்லதானே?"

அந்த மயானம் எந்த அரசாங்கத்துக்குக் கீழ் வருகிறது, அங்கே என்ன புல் முளைக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எனக்குத் தெரியாது. யாரையும் விசாரிக்கவும் இல்லை.

"தடையில்ல காக்கா," என்றேன்.